அன்றாடக் கருவிகளும் விஞ்ஞான நோக்கும்

விஞ்ஞானத்தின் பயனாக விளைந்த கருவிகள் இன்று நாட்டின் மூலைமுடுக்குகளிலெல்லாம் பரவியுள்ளன. 1960-ஆம் ஆண்டில் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் என்னும் கணிப்பொறி, ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழாய்களைக் கொண்டு ஒரு பெரிய அறையை அடைத்து நின்றது. அதன் நினைவகத்தில் 2,048 எண்களுக்கே இடமிருந்தது. அதனினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த கணிப்பொறி இன்று கைபேசி என்னும் பெயருடன் ஆசிரியரின் சட்டைப்பையிலும் வேளாண் விரிவாக்க அலுவலரின் கைப்பையிலும் இடம்பெற்றுள்ளது. இவ்வளர்ச்சியைக் கண்டு நாம் மகிழ்வது இயல்பே.

ஆயினும், கருவிகள் பெருகியதாலேயே விஞ்ஞான நோக்கும் பெருகிவிட்டது என்று கூற இயலுமா? விஞ்ஞான நோக்கினையும் ஆராயும் மனப்பான்மையினையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று நம் அரசியலமைப்பு, 1976-ஆம் ஆண்டின் திருத்தத்தின் வாயிலாக, வகுத்துரைக்கின்றது. கடையில் ஒரு கருவியை வாங்குவதனால் இக்கடமை நிறைவேறிவிடாது. கருவி எதுவாயினும் அதனை நாம் வினவ இயல வேண்டும். அது கூறும் விடையைச் சோதிக்கவும் இயல வேண்டும். வினவ இயலாத கருவி எத்துணை நுட்பமானதாயினும், அது நமக்கு நம்பும் பழக்கத்தை ஊட்டுமேயன்றி அறியும் பழக்கத்தை ஊட்டாது. இதுவே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இதனை எழுதுபவன் விஞ்ஞானி அல்லன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகக் கணிப்பொறிகளைப் பிரித்தும் பூட்டியும், அவற்றுக்கு ஆணைத்தொடர்கள் எழுதியும் பொழுதைப் பயனுறக் கழித்து வரும் ஓர் ஆர்வலன். ஆதலின், ஆராய்ச்சிக்கூடத்திற்கு வெளியே, மேசையின் மீதும் வயலின் நடுவிலும் நாம் காணும் கருவிகளைப் பற்றியே ஈண்டுப் பேசுகின்றேன்.

திறந்த பெட்டியும் மூடிய பெட்டியும்

கணிப்பொறி ஆர்வலர்களின் வரலாறு, 1975-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க இதழொன்றின் அட்டையில் வெளிவந்த ஆல்டேர் 8800 என்னும் பொறியுடன் தொடங்குவதாகக் கூறுவர். அது உதிரி உறுப்புக்களாகவே அஞ்சலில் வந்து சேரும். வாங்கியவரே பற்றவைக்கும் இரும்பைக் கையிலேந்தி அதனைப் பூட்டிக்கொள்ள வேண்டும். அடிப்படை வடிவில் அதன் நினைவகம் 256 பைட்டுகள் மட்டுமே. அதாவது, இக்கட்டுரையின் ஒரு சிறு பத்தி கூட அதில் அடங்காது. எழுத்துப் பலகையும் இல்லை, திரையும் இல்லை. முகப்பிலுள்ள விசைகளை மேலும் கீழும் தள்ளி ஆணைகளைக் கொடுத்துச் சிறு விளக்குகள் எரிவதைக் கண்டு விடையை அறிய வேண்டும். பயன் என்று நோக்கின், அதனால் ஆகக்கூடியது சிறிதே. எனினும், அதனைப் பூட்டி முடித்தவர் கணிப்பொறி என்பது யாது என்பதை ஐயமற உணர்ந்தார்.

பின்னர் 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறியுடன் ஒரு தொழில்நுட்பக் கையேடும் விற்கப்பட்டது. மின்சுற்றுப் படங்களும், பொறியை எழுப்பும் அடிப்படை ஆணைத்தொடரும் அதில் வரிவரியாக அச்சிடப்பட்டிருந்தன. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பி.பி.சி. மைக்ரோ என்னும் பள்ளிக் கணிப்பொறி தோன்றியது. நம் நாட்டில் 1984-85-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய பள்ளிக் கணிப்பொறிக் கல்வித் திட்டத்திற்கு இப்பொறியே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் விசையை அழுத்திய மாத்திரத்தில் திரையில் ஒரு சிறு குறி தோன்றும். ஆணைக்காகப் பொறி காத்து நிற்கும். மாணவன் ஏதேனும் ஒன்றை எழுதினாலன்றி அதில் எதுவும் நிகழாது. அன்றியும், வெளியிலுள்ள மின் அழுத்தத்தை அளப்பதற்கான நான்கு வாயில்கள் அதன் பின்புறத்தில் அமைந்திருந்தன. வெப்பத்திற்கேற்பத் தடை மாறும் தெர்மிஸ்டரை அங்கு இணைத்து, கொதித்த நீர் ஆறுவதைத் திரையில் வரைகோடாகக் காணலாம்.

அக்காலப் பொறிகளே சிறந்தவை என்று நான் வாதாடவில்லை. ஒலிநாடாவில் பதிந்த ஆணைத்தொடரை ஏற்றுவதற்குள் பல நிமிடங்கள் கழியும். இறுதியில் பிழை என்னும் ஒரு சொல்லே எஞ்சும். இன்றைய கைபேசியைத் துறந்து அந்நாளுக்குத் திரும்ப யாரும் விரும்பார். நான் சுட்ட விரும்புவது வேறொன்று. அப்பொறிகள் பயில்வோனை உள்ளே அழைத்தன. இன்றைய பொறிகள் வாயிலிலேயே அவனை நிறுத்திவிடுகின்றன. ஆணி இருந்த இடத்தில் பசை இருக்கின்றது. மின்சுற்றுப் படம் இருந்த இடத்தில் எச்சரிக்கை வாசகம் இருக்கின்றது.

இதன் விளைவைப் பள்ளிகளில் காணலாம். நானறிந்த ஒரு பள்ளியில், பழுதாகிவிடும் என்னும் அச்சத்தினால் கணிப்பொறிகள் உறையிட்டுப் பூட்டிவைக்கப்பட்டிருந்தன. உறையை நீக்கிய நாளில் அவற்றுட் பல இயங்கவில்லை. கணிப்பொறியின் தாய்ப்பலகையில் நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் ஒன்று இருக்கும். பொறி அணைந்துள்ளபோதும் அதன் கடிகாரத்தை ஓட்டுவது இதுவே. இக்கலம் தீர்ந்தால் பொறி தேதியை மறந்து, தொடங்கும்போதே பிழை காட்டி நிற்கும். அங்கிருந்த சில பொறிகளுக்கு நேர்ந்தது இதுவே. சிறு விலையுள்ள கலத்தை மாற்றுவதற்குத் திருப்புளியும் சிறிது துணிவும் போதும். அவை கிடைக்காததால் அப்பொறிகள் கழிவு எனத் தள்ளப்பட இருந்தன. உள்ளே பார்க்கும் பழக்கம் இல்லாவிடில் பொதுப்பணம் எவ்வாறு வீணாகின்றது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

எண்கள் யாவும் உண்மையாகா

கருவியை வினவுவதென்பது அதனைத் திருப்புளியால் திறப்பது மட்டுமன்று. அது காட்டும் எண்ணைச் சோதிப்பது அதனினும் முக்கியமானது. களப் பணியாளர்கள் நாள்தோறும் எண்களையே சேகரிக்கின்றனர் ஆதலின், இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

தானியங்கி வானிலை நிலையங்களிலுள்ள மழைமானியை எடுத்துக்கொள்வோம். புனலின் கீழ், ஏற்றப்பலகை போன்று இரு சிறு வாளிகள் அமைந்திருக்கும். ஒரு வாளி நிரம்பியதும் சாய்ந்து நீரைக் கொட்டும். மற்றது புனலின் கீழ் வரும். ஒவ்வொரு சாய்வின்போதும் ஒரு காந்த விசை மூடித் திறந்து ஒரு துடிப்பை அனுப்பும். துடிப்புக்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் உரிய அளவால் பெருக்கினால் மழையளவு கிடைக்கின்றது. கருத்து எளிது, அமைப்பும் அழகியது.

ஆனால், ஒரு காய்ந்த இலை புனலை அடைத்துவிட்டால் என்ன நிகழும்? அல்லது சிலந்தி வலை கட்டி வாளியைப் பிணித்துவிட்டால்? வெளியே மழை கொட்டினும் கருவி சுழி என்றே அறிவிக்கும். அடைப்பு மெல்லக் கசியுமாயின், நேற்றைய மழையை இன்றைய மழையாகக் காட்டும். மிகக் கடுமையாகப் பெய்யும்போதோ, வாளி சாய்ந்து திரும்பும் நொடிக்குள் விழும் நீர் கணக்கில் சேராது. உண்மையினும் குறைவான அளவே பதிவாகும். மழையில்லாத நாளின் சுழிக்கும் அடைபட்ட கருவியின் சுழிக்கும் கணிப்பொறித் திரையில் யாதொரு வேற்றுமையும் இல்லை. இரண்டும் ஒரே வடிவான எண்கள்.

இது வெறும் நுட்பச் செய்தி அன்று. வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டுத் திட்டங்களில், வயலில் என்ன நிகழ்ந்தது என்பதைக் காட்டிலும் நிலையத்தில் என்ன பதிவாயிற்று என்பதே இழப்பீட்டை உறுதிசெய்கின்றது. புனலிற் கிடந்த ஓர் இலை, ஊரிலுள்ள உழவர் அனைவருடைய கணக்கையும் மாற்றிவிடக்கூடும்.

இதனைச் சோதிக்கும் வழி மிக எளியது. 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 சதுர மீட்டர் பரப்பில் 1 லிட்டர் நீராகும். புனலின் வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டராயின், 1 மில்லிமீட்டர் மழைக்கு 20 மில்லிலிட்டர் நீர் சேரும். ஆகவே, 400 மில்லிலிட்டர் நீரை அளந்து, துளித்துளியாக நெடுநேரம் விழும்படி செய்தால், கருவி 20 மில்லிமீட்டர் என்று காட்ட வேண்டும். ஒரு சாய்வு 0.2 மில்லிமீட்டரைக் குறிக்கும் கருவியில் 100 சாய்வுகள் நிகழும். எண்ணிக்கை பெரிதும் குறைந்தால் கருவியில் கோளாறு உண்டு என்பது திண்ணம். கருவியின் பொறுப்பாளருக்குத் தெரிவித்து அவர் முன்னிலையில் இதனைச் செய்தல் வேண்டும். இல்லையேல் பெய்யாத மழையொன்று பதிவேட்டில் ஏறிவிடும். அருகில் ஒரு சாதாரண மழைமானியையும் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து குறித்துவந்தால், தானியங்கியின் சொல்லுக்கு ஒரு சாட்சி எப்போதும் இருக்கும்.

அடுத்து, கைபேசி காட்டும் இட அளவைக் காண்போம். அட்சரேகையைப் பாகையில் ஆறு தசம இலக்கங்கள் வரை அது காட்டுகின்றது. ஆறாவது இலக்கத்தில் ஒன்று கூடினால் தரையில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நகர்ந்ததாகப் பொருள். இதைக் காணும் எவரும், கைபேசி சாண் அளவுக்குத் துல்லியமாக இடத்தை அறிகின்றது என்றே எண்ணுவர். உண்மையில், திறந்த வானத்தின் கீழும் அதன் பிழை ஏறத்தாழ 5 மீட்டர் அளவினது. தென்னந்தோப்பிலும் உயர்ந்த சுவர்களின் அருகிலும் பிழை இன்னும் மிகும். இறுதி இலக்கங்கள் திரையின் அலங்காரமேயன்றி அளவையின் பகுதியல்ல.

20 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள சிறு நிலத்தின் பரப்பு 400 சதுர மீட்டர். கைபேசியுடன் அதனைச் சுற்றி நடந்து அளக்கும்போது ஒரு பக்கம் மட்டும் 2 மீட்டர் மிகுந்துவிட்டால், பரப்பு 440 சதுர மீட்டர் ஆகிவிடும். பத்தில் ஒரு பங்கு பிழை. பெரிய பண்ணைக்கு இப்பிழை பொருட்டன்று. சிறு நிலத்துக்கோ அது பெரும் பிழை. ஆதலின், பெரிய நிலத்திற்குக் கைபேசியும் சிறு நிலத்திற்கு நாடாவும் என்று கருவியைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. பழைய நாடாவை எடுத்துச் செல்லும் பணியாளரைப் பிற்போக்கர் என்று எள்ளுதல் தகாது. அவர் தம் கருவியின் பிழையை அறிந்தவர்.

பழுது பார்த்தலும் கல்வியே

நம் நகர்களிலும் சந்தைகளிலும் சாலையோரத்தில் மேசையிட்டு அமர்ந்து, கைபேசியும் மின்விளக்கும் பழுது பார்க்கும் தொழிலாளரை நாம் அறிவோம். இவர்களுட் பலர் தாம் செய்வதன் காரணத்தையும் நன்கறிந்தவர்கள். பௌதிக ஆசிரியர் தம் மாணவர்களை அவ்வப்போது இம்மேசைகளின் பக்கம் அழைத்துச் செல்லுதல் நன்று.

எடுத்துக்காட்டாக, எல்.இ.டி. விளக்கைக் கொள்வோம். 60 வாட் இழை விளக்கு தந்த ஒளியை இன்று 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகின்றது. நீண்ட நாள் உழைக்கும் என்று உறையில் அச்சிட்டிருந்தும், சில விளக்குகள் ஓராண்டிற்குள் அணைந்துவிடுகின்றன. ஒளி உமிழும் சில்லே எப்போதும் இதற்குக் காரணம் என்று கருதலாகாது. அதற்கு மின்சாரத்தைச் சீராக்கி அளிக்கும் சிறு சுற்றும், அதிலுள்ள மின்தேக்கியும் வெப்பத்தினால் நலிவது உண்டு. இவ்வகை மின்தேக்கிக்கு, 105 பாகை செல்சியஸில் 2,000 மணி நேரம் என்பது போன்ற ஒரு வாழ்நாள் குறிக்கப்பட்டிருக்கும். வெப்பநிலை 10 பாகை குறையுந்தோறும் வாழ்நாள் இருமடங்காகும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் பொது விதி. 65 பாகையில் இயங்கினால் 40 பாகை குறைவு. எனவே வாழ்நாள் 16 மடங்காகி 32,000 மணி நேரம் ஆகின்றது. காற்றோட்டமில்லாத கண்ணாடிக் கூண்டுக்குள் பூட்டிய விளக்கு ஏன் விரைவில் மடிகின்றது என்பது இப்பொழுது விளங்கும். அடுக்குக் கணக்கைக் கற்பிக்க இதனினும் உயிருள்ள எடுத்துக்காட்டு வேறு வேண்டுமோ?

கைபேசியின் லிதியம் அயனி மின்கலமும் இத்தகையதே. ஒரு கலம் முழுதும் நிறையும்போது அதன் மின் அழுத்தம் பொதுவாக 4.2 வோல்ட். முழு நிறைவில் நெடுநேரம் வைத்திருப்பதும் வெப்பமும் சேர்ந்து அதனை மூப்படையச் செய்கின்றன. வெயிலில் நிற்கும் வண்டியில், மின்னேற்றியில் பூட்டியபடியே கிடக்கும் கைபேசி விரைவில் தளர்வது இதனாலேயே. முற்காலக் கைபேசியில் நகத்தால் மூடியைத் திறந்து புதிய கலத்தைப் பொருத்திக்கொள்ளலாம். இன்று கலம் பசையினால் உள்ளே ஒட்டப்பட்டுள்ளது. கலம் மூத்தால் கைபேசியையே மாற்ற நேர்கின்றது. சிறு கலத்தின் முடிவு பெரும் பொருளின் முடிவாக இருத்தல் முறையன்று.

மூடி ஒட்டுவதற்கும் தக்க காரணங்கள் உண்டு என்பதை மறுக்க இயலாது. பசையிட்ட கைபேசி மழைநீரையும் புழுதியையும் தாங்கும், மெலிந்தும் இருக்கும். களப் பணியாளருக்கு இவை பெரிய நன்மைகளே. ஆயினும், நீர் புகாத திருகு மூடியுடன் கைக்கடிகாரங்கள் நெடுங்காலமாகச் செய்யப்பட்டே வருகின்றன. நீர் புகாமையும் பழுது பார்க்கும் வசதியும் ஒன்றற்கொன்று பகையல்ல. இரண்டையும் சேர்த்துச் செய்ய விருப்பமும் சிறிது கூடுதற் செலவும் தேவை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ஆம் ஆண்டில் இயற்றிய விதியொன்று, சில விலக்குகளுடன், கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயன்படுத்துவோரே எடுத்து மாற்ற இயல வேண்டும் என்று கூறி, அதற்கு 2027-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஐ நாளாக வரையறுத்தது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் நலத்துறை 2022-ஆம் ஆண்டு ஜூலையில் பழுது பார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கும் அதன் கவனத்திற்குரிய துறைகளாகக் குறிக்கப்பட்டன. அறுவடைக் காலத்தில் நிறுவனத்தின் ஆளுக்காகக் காத்து நிற்கும் டிராக்டரைக் கண்டவர்களுக்கு இதன் இன்றியமையாமையை விளக்கத் தேவையில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூறியாக வேண்டும். எல்லாப் பெட்டிகளும் எல்லாராலும் திறக்கத்தக்கவை அல்ல. 230 வோல்ட் மின்சாரத்தின் உச்ச அழுத்தம் 325 வோல்ட் ஆகும்; மின்தொடர்பை நீக்கிய பின்னரும் மின்தேக்கியில் அது தங்கியிருக்கக்கூடும். நுண்ணலை அடுப்பினுள் இதனினும் பன்மடங்கு உயர்ந்த அழுத்தம் உண்டு. உப்பிய லிதியம் கலத்தைக் குத்தவோ நசுக்கவோ கூடாது. ஆதலின், பள்ளிப் பயிற்சிக்கு உலர்மின்கலத்தால் இயங்கும் கடிகாரம், ரேடியோ, விளையாட்டுப் பொருள், கணக்கிடும் கருவி போன்றவற்றையே தேர்ந்துகொள்ள வேண்டும். அபாயம் எங்குள்ளது என்று அறிவதும் கருவியை அறிவதன் ஒரு பகுதியே.

பதிவுகள் யாருக்கு உரியவை?

கருவி அழியலாம், அதில் நாம் பதிந்த செய்தி அழியலாகாது. இவ்விஷயத்தில் கணிப்பொறி ஆர்வலர்கள் பட்ட துயரம் பலருக்கும் பாடமாகத்தக்கது. ஒலிநாடாவும் ஐந்தே கால் அங்குல நெகிழ்தட்டும் மூன்றரை அங்குலத் தட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறைந்தன. தட்டு நன்னிலையில் இருப்பினும், அதனைப் படிக்கும் பொறியைத் தேடி அலைய வேண்டியுள்ளது.

தமிழில் எழுதியோருக்கு மற்றொரு துயரமும் நேர்ந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன், ஒவ்வொரு எழுத்துரு வடிவமைப்பாளரும் தமிழ் எழுத்துக்களுக்குத் தத்தமக்குத் தோன்றிய எண்களை அளித்திருந்தனர். ஓர் எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரையை அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால், பொருளற்ற உரோம எழுத்துக்களும் குறிகளுமே தோன்றும். 1991-ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே யூனிகோடு முறையில் தமிழுக்கு இடம் அளிக்கப்பட்டிருந்தும், அது நம் மேசைகளை வந்தடையப் பல ஆண்டுகள் ஆயின. அந்த இடைக்காலத்தில் எழுதப்பட்ட எத்தனையோ வினாத்தாள்களும் களக் குறிப்புக்களும், உரிய எழுத்துருவைத் தேடி மாற்றினாலன்றிப் படிக்க இயலாதனவாக உள்ளன. ஆனால் அதே காலத்தில் பொதுக் குறியீட்டு முறையில் எளிய கோப்பாகச் சேமித்த எண் அட்டவணைகளை, எந்தப் பொறியிலும் இன்றும் தடையின்றித் திறக்கலாம்.

இதிலிருந்து பெறும் பாடம் தெளிவானது. ஒரு நிறுவனத்தின் ஒரு செயலிக்குள் மட்டும் வாழும் பதிவு நம்முடையது அன்று. அது நமக்கு இரவலாகத் தரப்பட்டது. களத்திலே செயலியைக் கொண்டு மண்வளமோ பூச்சித் தாக்குதலோ குறிப்பவர்கள், அப்பதிவைச் சி.எஸ்.வி. போன்ற எளிய அட்டவணைக் கோப்பாக வெளியே எடுக்க இயலுமா என்று முதலிலேயே கேட்டறிய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் எடுத்து, இரு வேறு இடங்களில் வைத்தல் நலம். முக்கியமான எண்களைக் காகிதத்திலும் குறித்துவைக்கலாம். காகிதத்திற்கு மின்கலமும் வேண்டா, கடவுச்சொல்லும் வேண்டா.

விடை கூறும் பொறிகள்

2022-ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் உரையாடும் பொறி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது முதல், வினாவுக்குச் சரளமான நடையில் விடை எழுதும் பொறிகள் பெருகியுள்ளன. தமிழிலும் அவை எழுதுகின்றன. இவற்றை வியப்பதிலும் தவறில்லை, பயன்படுத்துவதிலும் தவறில்லை. ஆனால், அடைபட்ட மழைமானி சுழியைக் காட்டும்போது எவ்வளவு அமைதியுடன் காட்டுகின்றதோ, அவ்வளவு அமைதியுடன் இப்பொறிகளும் பிழையான விடையைக் கூறக்கூடும். நடையின் தெளிவு உண்மையின் அடையாளம் அன்று. மருந்தின் அளவையும் உரத்தின் அளவையும் பற்றி இப்பொறி கூறும் எண்ணை, அச்சிட்ட பரிந்துரையோடு ஒப்பிடாமல் எந்தப் பணியாளரும் உழவரிடம் சொல்லலாகாது. மழைமானிக்கு நாம் இட்ட விதியே இதற்கும் பொருந்தும்.

பள்ளியிலும் களத்திலும் செய்யத்தக்கவை

இவற்றிற்கெல்லாம் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் உள்ள குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. இவ்வெண்ணைத் தொடர்ந்து 15 முறை பாதியாக்கினால் 1 கிடைக்கும். நொடிமுள் ஒருமுறை நகரும். பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள படிகம், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 நொடி பிறழும். புது டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் பேணும் இந்திய நேரத்துடன் வகுப்பறைக் கடிகாரத்தை வாரம் ஒருமுறை ஒப்பிட்டு, பிறழ்ச்சியை மாணவர்கள் ஒரு மாதம் வரைகோடாக வரையட்டும். எல்லா அளவைக்கும் பிழை உண்டு, அப்பிழையையும் அளக்கலாம் என்னும் பேருண்மையை அவர்கள் தாமே காண்பர்.

சிறிது பொருள் செலவிட இயலும் பள்ளிகளுக்கு, புது டில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஃபீனிக்ஸ் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் வழியே உருவான எக்ஸ்ப்-ஐஸ் என்னும் சிறு பெட்டியைக் கணிப்பொறியுடன் இணைத்து, மின் அழுத்தத்தையும் அலைகளையும் கால இடைவெளிகளையும் அளக்கலாம். அதன் உள்வாயிலில் ஒரு வெறும் கம்பியைச் செருகிப் பிடித்தாலே, சுவரில் ஓடும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலை திரையில் தோன்றும். இவையெல்லாவற்றினும் போற்றத்தக்கது, அதன் மின்சுற்றுப் படமும் ஆணைத்தொடர்களும் மறைவின்றி வெளியிடப்பட்டிருப்பதாகும். மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நாட்டின் மாணவருக்குத் திறந்த பெட்டியை அளித்துள்ளது. நம் பள்ளிகளுக்குக் கருவி வாங்கும் பொறுப்புடையோர் இதனை ஒரு முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கருவிகளை வாங்குவோர் இதுகாறும் விலையையும் வேகத்தையுமே வினவி வந்துள்ளனர். இனி மூன்று வினாக்களைச் சேர்த்துக்கொள்ளட்டும். இதன் அளவைச் சோதிக்கும் வழி கையேட்டில் உள்ளதா? இதன் மின்கலத்தையும் தேயும் உறுப்புக்களையும் நம் ஊரிலேயே மாற்ற இயலுமா? இதில் பதியும் செய்தியைப் பிறிதொரு பொறியில் திறக்க இயலுமா? இம்மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைத்தால், விலை சிறிது மிகுந்திருப்பினும் அக்கருவி மலிவானதே. இல்லை என்று விடை வருமாயின், அதன் முழு விலையை நாம் இன்னும் கொடுத்து முடிக்கவில்லை என்று அறிக.

கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். இன்று நாம் வியக்கும் கைபேசியும் ஒருநாள் நெகிழ்தட்டைப் போலக் காட்சிப் பொருளாகிவிடும். ஆனால், அளந்த எண்ணை மற்றோர் அளவையுடன் ஒப்பிடும் பழக்கமும், நின்ற பொறி ஏன் நின்றது என்று வினவும் பழக்கமும் காட்சிப் பொருளாவதில்லை. ஆசிரியர் ஒருவர் வரும் வாரமே ஒரு பழைய கடிகாரத்தை வகுப்பில் திறந்து காட்டலாம். களப் பணியாளர் ஒருவர் மழைக்காலம் தொடங்குமுன் மழைமானியின் புனலை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். தொடங்குவதற்கு இவ்வளவே போதும்.